ஒன்பதாம் கட்டம்

வீட்டிலிருந்து,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், உங்கள் அக்காவின் முழங்கால் ஒன்றைத் தவிர. மழை வந்தால் அது வலிக்கிறது. மழை வராவிட்டால் ஏன் இன்னும் வரவில்லை என்று வலிக்கிறது. அங்கே குளிர் எப்படி? போன கடிதத்தில் "குளிர்" என்று ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தீர்கள். அது செய்தியா, புகாரா, அல்லது ஸ்வெட்டர் கேட்கிறீர்களா என்று நானும் அக்காவும் ஒரு பொழுது முழுக்க ஆராய்ந்தோம். கடைசியில் அக்கா கம்பளி நூலை எடுத்துப் பின்னவே ஆரம்பித்துவிட்டார். கை அளவு மட்டும் ஞாபகம் இல்லையாம். நீளமாகவே பின்னட்டும், மடித்துவிட்டுக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

போன வாரம்தானே போனில் பேசினோம், அதற்குள் எதற்குக் கடிதம் என்பீர்கள். போனில் நீங்கள் பேசியது "ம்", "சரி", "வைக்கட்டுமா". மூன்றையும் கூட்டிப் பார்த்தாலும் ஒரு வாக்கியம் தேறவில்லை. கடிதத்திலாவது நாலு வரி எழுதுகிறீர்கள். நமக்குக் கடிதமே சரிப்படும்.

அந்த நாலு வரியில் கடைசி வரியைப் பார்த்தேன். கிதார் கம்பெனியில் இன்னும் மூன்று வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு வருகிறேன். முதலில் கடைச் செய்தி.

கடை நன்றாகவே நடக்கிறது. காலையில் ஷட்டரைத் தூக்கப் பக்கத்துச் சாவிக்கடைக்காரர் கை கொடுக்கிறார். இரண்டு பேர் சேர்ந்து தூக்கினாலும் பாதியில் நின்றுகொண்டு வேடிக்கை காட்டுகிறது. நம் பெண் காலேஜ் விட்டதும் நேரே கடைக்கு வந்து, ரிப்பேருக்கு வந்த கிதார்களுக்குக் கம்பி மாற்றிச் சுருதி சேர்த்துத் தருகிறாள். காது உங்கள் காது. வாய் மட்டும் என்னுடையது, அதனால் வருகிறவர்கள் கொஞ்சம் பயப்படுகிறார்கள். உங்கள் மேஜையைப் போர்வையால் மூடிவிட்டேன். தூசிக்காகத்தான், வேறெதற்கும் இல்லை. வேலைக்கு நடுவே தலையை நிமிர்த்தினால் எதிரே உங்கள் வழுக்கை தெரியும் இடத்தில் இப்போது பெரிய பெரிய பூப்போட்ட போர்வை தெரிகிறது. உங்களுக்குப் பூ பிடிக்காது என்று தெரிந்தேதான் அந்தப் போர்வையை எடுத்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் முடிக்காமல் விட்டுப் போன கோர்ட் ஸ்டெனோ அம்மாவின் கிதார் இருக்கிறதே, அதைப் பற்றித்தான். உடம்பும் கழுத்தும் தயார். அந்த அம்மாவின் விரல் குட்டை என்று கழுத்தைச் சற்றுச் சின்னதாகச் செய்து, அந்த அளவுக்கே விரல்பலகையையும் இழைத்து, கட்டங்களுக்கு வெட்டுப் போட்டு, துணியில் சுற்றி வைத்திருந்தீர்கள். அதை ஒட்டி, வெட்டுகளில் ஃப்ரெட் தகடுகளை அடித்து, கம்பி பூட்டிக் கொடுப்பது மட்டும்தான் என் பாடு என்று இருந்தேன். போன வியாழக்கிழமை அந்த அம்மா வந்தார்.

அடுத்த மாதம் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறாராம். ஆபீசில் வழியனுப்பு விழா வைக்கிறார்கள். எல்லோரும் பேசுவார்கள், கடைசியில் இவரும் நாலு வார்த்தை பேச வேண்டும். "இத்தனை வருஷமா அடுத்தவங்க பேசினதைத்தான் டைப் அடிச்சிருக்கேன், எனக்குன்னு பேசச் சொன்னா நாக்கு ஒட்டிக்கும்" என்றார். அதனால் பேசுவதற்குப் பதிலாக வாசிக்கப் போகிறாராம், நம் கிதாரை. இரண்டு வருஷமாய் யாருக்கும் தெரியாமல் கற்றுக்கொண்டு வருகிறாராம். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

பேசிக்கொண்டே இருந்தவரின் கண் சுவரில் தொங்கும் கொடிப்பூ கிதார் மேலேயே இருந்தது. நான் போன வருஷம் சிப்பி பதித்தேனே, நீங்கள் கூட அது கிதாரா, கல்யாணப் பந்தலா என்று கேட்டீர்களே, அதுதான். இப்படிப் பூ வைத்தால் சத்தம் மாறுமா என்று கேட்டார். கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது, சத்தம் வயிற்றிலிருந்து வருவது என்றேன். பிறகு எதற்காக வைக்கிறார்கள் என்றார். மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது, பன்னிரண்டு என்று சில கட்டங்களில் அடையாளம் இருந்தால் விரல் எங்கே நிற்கிறதென்று தெரியும், ஆனால் வாசிப்பவர் பார்ப்பது பலகையின் ஓரத்தில் இருக்கும் சின்னப் புள்ளிகளைத்தான், முகத்தில் இருக்கும் பூவெல்லாம் எதிரே உட்கார்ந்து கேட்பவர்களுக்கு என்று விளக்கினேன். அந்த அம்மா மறுபடியும் சுவரைப் பார்த்தார். பிறகு பென்சில் கடன் கேட்கிற மாதிரித் தயங்கி, என்னுடையதிலும் ஏதாவது சின்னதாக வைக்க முடியுமா என்றார்.

நீங்கள்தானே வெறுமையாக இருக்கட்டும் என்றீர்கள் என்று கேட்டேன். அதற்கு அந்த அம்மா சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "உங்க வீட்டுக்காரர் 'ப்ளெய்ன்தானே?'ன்னு கேட்டாரு. அவர் கேட்ட விதத்துல வேற பதில் சொல்ல இடமே இல்லீங்க." நான் சிரித்த சிரிப்பில் உள்ளே இருந்த அக்கா முழங்காலை மறந்து ஓடிவந்தார்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பது எனக்கு மனப்பாடம். பூ வைத்த பலகை எதையோ மறைக்கிறது. மரத்தில் ஒரு வெளுத்த வரி ஓடினால் அதன் மேல் ஒரு இலையைப் போட்டுத் தப்பித்துவிடலாம். வெறும் பலகையில் தப்பிக்க வழியில்லை, அதனால்தான் அதற்கு நல்ல மரமும் நல்ல கையும் வேண்டும். இதைக் கல்யாணமான நாளிலிருந்து கேட்டு வருகிறேன். ஒருத்தர் இன்னொருத்தருக்கு எதிரே உட்கார்ந்து வாசிக்கும்போது, எதிரே இருப்பவருக்கென்று ஏதாவது இருக்கட்டுமே என்பது என் கட்சி. மாண்டலின் கடைக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு மினுக்காமல் இருக்கத் தெரியாது என்று நீங்கள் கேலி செய்தாலும் என் கட்சி மாறாது.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். துணியைப் பிரித்து அந்தப் பலகையை வெளிச்சத்தில் பார்த்தபோது எனக்கே கை வைக்க மனம் வரவில்லை. தலை முதல் கால் வரை ஒரே கறுப்பு. ஒரு வரி இல்லை, ஒரு புள்ளி இல்லை. இப்படி ஒரு கருங்காலியை எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள்? அதன் மேல் ஐந்து சின்னப் பூ மட்டும் வைக்கப் போகிறேன், கொடி கிடையாது, இலை கிடையாது. அனுமதி கேட்கிறேன் என்று நினைக்க வேண்டாம். தகவல் சொல்கிறேன்.

அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். அங்கே உங்களை நன்றாக மதிக்கிறார்கள் என்று நம் பெண் சொன்னாள். பெரிய வெளிச்சமான கூடம், நல்ல கருவிகள், மரம் உலர்த்தத் தனி அறை, சந்தேகம் வந்தால் உங்களிடம் வந்து கேட்கிற இளவட்டங்கள். யாருக்குத்தான் அது கசக்கும்? இங்கே எதுவும் உங்களுக்காக நின்றுபோகவில்லை. கடை இருக்கிறது, நான் இருக்கிறேன், அக்கா இருக்கிறார், பெண் படிப்பை முடித்துவிடுவாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியூர் போய் ஐந்து வருஷம் கழித்து வந்தார்கள், அவர்கள் வீட்டுச் சுவர் இடிந்தா போயிற்று? ஊர் உலகத்தில் எல்லோரும் இப்படித்தான் இருக்கிறார்கள். உங்கள் மனதுக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் செய்யுங்கள். எனக்கு எதுவானாலும் சம்மதம்தான். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா ஆசீர்வாதம் எழுதச் சொன்னார், கையோடு கை அளவையும் கேட்டு எழுதச் சொன்னார்.

உங்கள்
வீட்டுக்காரி

*

கம்பெனி விடுதி,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள உனக்கு,

கடிதம் கிடைத்தது. சுகம். ஸ்வெட்டர் வேண்டாம் என்று அக்காவிடம் சொல். பின்னிவிட்டால் அனுப்பு.

ஸ்டெனோ அம்மா கேட்டால் வைத்துக் கொடு. நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அந்தப் பலகை வெறுமையாக இருக்கும் என்றே இழைத்தேன், கனம் குறைவு. ஆழமாகத் தோண்டாதே. ஒன்பதைப் பார்த்துக்கொள்.

இங்கே மெஷின் பூ வெட்டுகிறது. ஒரு நாளைக்கு நூறு பலகை. எல்லாப் பூவும் சரியான இடத்தில் இருக்கிறது. பார்க்கச் சலிப்பாக இருக்கிறது.

இரண்டு மாதத்துக்குள் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும். உன் கடிதத்தில் பதிலைத் தேடினேன். இரண்டு தரம் படித்தேன். இல்லை.

உன்
கணவன்

*

வீட்டிலிருந்து,
விழா முடிந்த மறுநாள்.

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதம் ஒரு நாள் தாமதமாக வந்து சேர்ந்தது. தபால்காரர் மேல் தப்பில்லை. நான்தான் பொறுக்கவில்லை. தகவல் சொல்கிறேன் என்று வீறாப்பாக எழுதிவிட்டேன் அல்லவா, அதன் பிறகு பதிலுக்குக் காத்திருந்தால் என் மானம் என்ன ஆவது?

ஐந்து பூவையும் சிப்பியில் அறுத்து வைத்திருந்தேன். சின்ன விரல் நகம் அளவுதான். அறுத்ததிலேயே நல்ல சிப்பி, திருப்பினால் பச்சையும் சிவப்பும் ஓடும். புதன்கிழமை காலை ரேடியோவைப் போட்டுக்கொண்டு குழி தோண்ட உட்கார்ந்தேன். ஆழமாகப் போகவில்லை, அந்த அளவுக்கு எனக்கும் மரத்தைத் தெரியும். ஒவ்வொன்றாகத் தோண்டி, பூவை உட்கார வைத்து, பசை விட்டு, கருங்காலித் தூளால் இடுக்கை அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். எண்ணெய்த் துணியால் ஒரு துடை துடைத்ததும் ஐந்து பூவும் கண் திறந்தது போல் இருந்தது. என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

அக்கா டீ கொண்டுவந்து வைத்தவர் போகாமல் நின்றார். சங்கீதம் என்றால் தூங்குகிறவர் உங்கள் அக்கா, உங்களுக்குத் தெரியும். சுவரில் தொங்கும் கிதார்களைப் பார்க்கிறார், பலகையைப் பார்க்கிறார். "ஏன் ஒரு பூ மட்டும் தள்ளி உக்காந்திருக்கு?" என்றார். உங்களுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் அக்கா என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சாயங்காலம் நம் பெண் வந்து கட்டம் கட்டமாக விரல் வைத்து எண்ணினாள். "அம்மா, இது பத்து" என்று சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

ஒன்பதாம் கட்டத்தில் வைக்க வேண்டிய பூவைப் பத்தாம் கட்டத்தில் வைத்திருக்கிறேன்.

எப்படி வந்ததென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மாண்டலினில் அடையாளம் பத்தில்தான் வரும். அப்பா கடையில் கற்றுக்கொண்ட கை இது. கம்பியின் நடுவான பன்னிரண்டாம் கட்டத்தைப் பிடி, அங்கிருந்து இரண்டு இறங்கு, பூவை வை. கிதாரில் மூன்று இறங்க வேண்டும். எத்தனை கிதாருக்குச் செய்திருக்கிறேன்! ஒரு தடவை கூடத் தவறவில்லை. இப்போது, அதுவும் உங்கள் மச்சமில்லாத கறுப்புப் பலகையில் போய், கை தன் பாட்டுக்கு இரண்டு இறங்கிவிட்டது. அன்று சாப்பிடப் பிடிக்கவில்லை. ரேடியோவைத் திட்டினேன். ரேடியோ என்ன செய்யும் பாவம்.

மறுநாள் காலை ஷட்டர் முன்னால் நின்றபடியே உங்கள் கடிதத்தைப் பிரித்தேன். "ஒன்பதைப் பார்த்துக்கொள்" என்று எழுதியிருந்தது. இவ்வளவு தூரத்தில் இருக்கிற மனுஷனுக்கு நான் ஒன்பதில்தான் சறுக்குவேன் என்று எப்படித் தெரிந்தது? ஏழாம் கட்டத்தைப் பார்த்துக்கொள் என்று ஏன் எழுதவில்லை?

அப்போதுதான் அந்த டிக் ஞாபகம் வந்தது.

நீங்கள் எனக்கு எடுத்துக் கொடுக்கும் ஒவ்வொரு பலகையிலும் பென்சிலில் ஒரு சின்ன டிக் இருக்கும். நீங்கள் ஏதோ அளவெடுத்த அடையாளம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதன் மேலேயே பூவை வைத்துத் தோண்டுவேன், தோண்டுகிற தூளோடு டிக்கும் போய்விடும். உங்கள் மேஜைக்கு ஓடினேன். போர்வையை இழுத்துப் போட்டுவிட்டு, மேல் தட்டில் நீங்கள் செய்து வைத்துவிட்டுப் போன பலகைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். சிப்பி பதிக்க வேண்டிய பலகைகளில் எல்லாம் டிக் இருக்கிறது, ஒன்பதாம் கட்டத்தில் மட்டும். மூன்றில் இல்லை, ஐந்தில் இல்லை, ஏழில் இல்லை. வெறுமையாக விட வேண்டிய பலகைகளில் எங்குமே டிக் இல்லை. ஸ்டெனோ அம்மாவின் பலகை வெறுமையாக இருக்க வேண்டியது. அதனால் அதிலும் இல்லை.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது, அதை முதலில் எழுதிவிடுகிறேன். கல்யாணமான புதிதில் ஒரு தரம் பத்தில் உளியை வைக்கப் போனேன், நீங்கள் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள், இரண்டு பேரும் சிரித்தோம். அதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். நீங்கள் முடித்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை, பூ பொய், மினுக்கு, பந்தல் என்று என்னை வாயாரக் கேலி செய்துகொண்டே, என் பூ தப்பான இடத்தில் விழாமல் இருக்க ஒவ்வொரு பலகையிலும் டிக் போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். ஒரு தடவையாவது வாயைத் திறந்து சொல்லக் கூடாதா? நான் ஒருபோதும் தவறியதில்லை என்று எத்தனை பேரிடம் பெருமை அடித்திருக்கிறேன், நீங்களும் எதிரே உட்கார்ந்து இழைத்துக்கொண்டே "ம்" போட்டிருக்கிறீர்கள்! உங்கள் போர்வை மேல் உட்கார்ந்து நன்றாக அழுதேன். சாவிக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் இரண்டு டீ சொல்லிவிட்டுப் போனார். இரண்டையும் நானே குடித்தேன்.

கோபம் ஆறியதும் வேலையைப் பார்க்க வேண்டுமே. பத்தாம் கட்டத்துப் பூவைப் பெயர்த்தெடுத்துத் தூளும் பசையும் போட்டு அடைக்கலாம். சாதாரண மரமாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். இந்த மரத்தில் அது அம்மைத் தழும்பு மாதிரித் தெரியும். வேறு பலகை செய்ய அதே மாதிரிக் கருங்காலிக்கு நான் எங்கே போவேன்? மூடி மறைக்காமல் ஸ்டெனோ அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பிச் சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் பார்த்துப் பார்த்து இழைத்த பலகையை நான்தான் கெடுத்தேன், அவர் மேல் தப்பில்லை என்றும் சொன்னேன்.

அந்த அம்மா பலகையைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். விசாரணை நடக்கும்போது தப்பாக அடித்துவிட்டால் நாங்கள் என்ன செய்வோம் தெரியுமா என்று கேட்டார். அழிக்கவே கூடாதாம். அழித்தால்தான் குற்றமாம். தப்பான வார்த்தை படிக்கத் தெரியும்படி அதன் மேல் ஒரு கோடு, பக்கத்தில் சரியான வார்த்தை, அதற்கும் பக்கத்தில் திருத்தியவரின் சின்னக் கையெழுத்து. "தப்பு இருக்கலாம், மறைக்கத்தான் கூடாது. பத்துல இருக்கிறது அங்கயே இருக்கட்டும், ஒன்பதுல சரியானதை வைங்க" என்றார். கையெழுத்தும் வேண்டும் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்பதில் இன்னொரு பூ வைக்கத்தான் சிப்பியை எடுத்தேன். அறுக்கிற வாள் பூவின் பக்கம் போகவில்லை. சிப்பியில் ஒரு டிக் அறுத்தேன். உங்கள் டிக்கேதான், ஒரு கால் குட்டையாக, மறு கால் அவசரமாக மேலே இழுத்த மாதிரி. உங்கள் பலகை ஒன்றை எதிரே வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்து அறுத்தேன். பூவை விட அது சிரமம், நுனி இரண்டு முறை உடைந்தது. இந்தத் தடவை தலையிலிருந்து எண்ணி, பெண்ணை ஒரு தரம் எண்ணச் சொல்லி, அக்காவையும் எண்ணச் சொல்லி, அப்புறம்தான் உளியை வைத்தேன். ஒட்டித் தேய்த்ததும் பார்த்தேன். அந்தக் கறுப்பில் வேறு எதுவும் அவ்வளவு பொருந்தியிருக்காது.

வாங்க வந்த அன்று, ஏன் டிக் என்று அந்த அம்மா கேட்டார். சொன்னேன், முழுவதும் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "கூண்டுல ஏறி ஒருத்தங்க இப்படிச் சொல்லியிருந்தா, சாட்சி பொய் சொல்லுதுன்னு நினைச்சிருப்பேன்" என்றார்.

விழாவுக்கு எங்களையும் கூப்பிட்டார். ஆபீஸ் கூடம், நாற்காலி வரிசை, மின்விசிறிச் சத்தம். ஆளாளுக்குப் பேசினார்கள், நீங்களாக இருந்திருந்தால் இரண்டாவது ஆளிலேயே வெளியே போய் நின்றிருப்பீர்கள். அந்த அம்மா கடைசியில் வந்து ஒரு வணக்கம் மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்து வாசித்தார். நடுவில் ஒரே ஒரு இடத்தில் தடுமாறினார், பிறகு ஓரப் புள்ளியைப் பார்த்து விரலைச் சரியாகக் கொண்டுபோய் வைத்துவிட்டார். பெரிய வித்வத் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கூடத்தில் ஒருத்தர் இருமவில்லை. பக்கத்தில் இருந்த ஆபீஸ்காரர் என்னிடம் குனிந்து, அங்கே மினுமினுக்கிறதே, அது பறவையா என்று கேட்டார். ஆமாம், பறவைதான் என்று சொல்லிவிட்டேன். இவருக்கு எங்கே போய் ஆரம்பித்து விளக்குவது? உங்கள் அக்கா வழக்கம் போலத் தூங்கிவிட்டார், ஆனால் கைதட்டலுக்குச் சரியாக விழித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து மனசு நிறைவாக இருக்கிறது. நிறைந்திருக்கிறபோதே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

நீங்கள் கேட்ட கேள்வி. போன கடிதத்தில் பக்கத்து வீட்டுச் சுவரைப் பற்றியெல்லாம் எழுதினேன். நீங்கள் அங்கேயே இருக்க ஆசைப்படுகிறீர்கள், என் வாயால் சரி என்று வரட்டும் என்பதற்காகக் கேட்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். கெஞ்சுகிறவளாக இருக்கக் கூடாது என்று ஒரு ரோஷம். அதனால்தான் சொல்ல வேண்டியதன் மேல் இத்தனை பூவை அள்ளிப் போட்டு மூடினேன். பூ வைத்த பலகை எதையோ மறைக்கிறது என்பீர்களே, இந்த ஒரு விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. இதை எல்லோர் எதிரிலும் திருப்பிச் சொல்லச் சொன்னால் மறுத்துவிடுவேன்.

கடையை நான் தனியாக நடத்துவேன், அதில் உங்களுக்குச் சந்தேகம் வேண்டாம். எனக்கு எண்ணத் தெரியும். இனி எந்தப் பலகையிலும் ஒன்பதை நானே எண்ணிக்கொள்வேன், டிக் வேண்டாம். பெண்ணும் அக்காவும் நன்றாக இருக்கிறார்கள். இங்கே எதுவும் கெட்டுப்போகவில்லை, எதுவும் உங்களுக்காகக் காத்துக்கொண்டு நிற்கவில்லை. எந்த உதவிக்காகவும் உங்களைக் கூப்பிடவில்லை.

இரண்டு தரம் படித்துத் தேடினேன் என்று எழுதியிருந்தீர்கள். இந்தத் தடவை தேட வேண்டாம். அந்த மூன்று வருஷம் எனக்குச் சம்மதம் இல்லை. எனக்கு நீங்கள் வேண்டும். வந்துவிடுங்கள்.

உங்கள்
வீட்டுக்காரி